தளர்ந்த குழந்தையும் தாயின் உழைப்பும்

தூக்கிய மாத்திரத்தே தாயின் தோளைப் பற்றிக்கொள்ளாது, நனைந்த துணியைப் போலக் கையின் இருபுறமும் தொங்கிவிடும் குழந்தையை எல்லா நாட்டுத் தாய்மாரும் கண்டிருக்கின்றனர். தலை நிற்க வேண்டிய காலத்தில் அதற்குத் தலை நிற்பதில்லை. கிடத்தினால் கால்கள் தவளையின் கால்கள் போல விரிந்து கிடக்கும். பால் குடிப்பதே அதற்குப் பெருமுயற்சி. மருத்துவ நூலார் இந்நிலையைத் தசை இறுக்கக் குறைவு என்பர். இறுக்கம் வேறு, வலிமை வேறு என்பதை முதற்கண் தெளிந்துகொள்ளுதல் நன்று. நாம் அசையாதிருக்கும் பொழுதும் தசையினுள் நிலவும் மெல்லிய விறைப்பே இறுக்கமாகும். மூளை, முண்ணாண், நரம்பு, தசை ஆகிய நான்கும் கூடி அதனை ஆக்குகின்றன. பயிற்சியினால் அது பெரிதும் மாறுவதில்லை. வலிமையோ தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்த வளர்வது. ஆகவே, வீட்டிலே இத்தகைய குழந்தைக்கு நாம் செய்யக்கூடியது இறுக்கத்தைத் திருத்துவதன்று. குறைந்த இறுக்கத்தோடு வாழவேண்டிய உடலுக்கு வலிமையையும் திறனையும் தேடிக்கொடுப்பதேயாம். இந்த எளிய வேறுபாட்டை உணராமையால் விளைந்த மயக்கங்களும், அவற்றின் சுமையைத் தாங்கிய பெண்களும் பலர். அவ்வரலாற்றின் சில பகுதிகளையே இக்கட்டுரை நோக்குகின்றது.

தமிழிலக்கியம் பயின்றோர் இவ்விடத்தில் பிள்ளைத்தமிழை நினையாதிருத்தல் இயலாது. குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வகுத்து அதனையே ஓர் இலக்கிய வடிவமாக்கியது நம் மரபு. பாட்டியல் நூல்கள் செங்கீரைக்கு ஐந்தாம் மாதத்தையும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதத்தையும் கூறுவன. கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. நிமிர்ந்திருந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டளவில், தளர்நடையிட்டு வருமாறு தாய் அழைக்கும் வருகைப் பருவம். இன்றைய குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இவ்வரிசை பெரும்பாலும் ஒத்துப்போதல் வியத்தற்குரியது. ஆயினும், பாட்டுடைத் தலைவர் தெய்வங்களும் அரசரும் பெரியோருமே. ஐந்தாம் மாதத்தில் தலை நிமிராத குழந்தைக்கு அங்கே பருவம் வகுக்கப்படவில்லை. கைகொட்டி மகிழும் பருவத்துக்கு வழங்கும் ‘சப்பாணி’ என்னும் அதே சொல், நடக்கவியலாதவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் ஊர்களில் வழங்குவதை மொழியாராய்ச்சியாளர் கவனித்திருப்பர். வளர்ச்சியைப் போற்றிய மரபு, வளர்ச்சி தாழ்ந்தவனைப் போற்றவில்லை.

ஐரோப்பிய மருத்துவமும் இவ்வகையில் நெடுங்காலம் பெயரிடுவதோடு நின்றது. முண்ணாணின் நரம்பணுக்கள் அழிவதனால் குழந்தையின் தசைகள் நாளடைவில் நலிந்துபோகும் நோயை 1891இல் வேர்ட்னிக் என்பாரும், 1893இல் ஹொஃப்மன் என்பாரும் விவரித்தனர். 1900இல் பேர்லின் நரம்பியலாளர் ஹேர்மன் ஒப்பன்ஹைம், பிறவியிலேயே தளர்ந்திருந்தும் காலப்போக்கில் ஓரளவு தேறிவரும் குழந்தைகளுக்கு வேறொரு பெயரை வழங்கினார். ஒரே தோற்றத்தின் பின்னே பல காரணங்கள் மறைந்துள்ளன என்ற உண்மை அவ்வாறு மெல்ல வெளிப்பட்டது. நிரந்தரமான தளர்ச்சிக்கு மிகப் பரவலான காரணங்களுள் ஒன்றாகிய டவுண் சிண்ட்ரோமை 1866இல் முதன்முதல் வகைப்படுத்தியவர், இங்கிலாந்தில் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவத் தலைவராயிருந்த ஜோன் லாங்டன் டவுண். அவர் அக்குழந்தைகளின் முகத்தோற்றத்தைக் கொண்டு ஆசிய இனமொன்றின் பெயரை அந்நிலைக்கு இட்டார். பேரரசின் உச்சியிலிருந்து உலகை நோக்கிய கண்ணுக்கு, தன் நாட்டுக் குழந்தையின் குறைபாடும் பிற இனத்தின் சாயலாகவே தோன்றியது போலும்! 1959இல் பாரிஸில் அந்நிலைக்குக் காரணம் மிகையான ஒரு நிறமூர்த்தமே எனக் கண்டறியப்பட்டது. கண்டுபிடிப்பின் புகழ் லெஜூனுக்குச் சென்றது. உயிரணுக்களை வளர்த்துக்காட்டிய மார்த் கோதியே என்னும் பெண் மருத்துவரின் பங்கு பல்லாண்டுகள் கழிந்தே பேசப்பட்டது. 1961இல் அறிவியலாளர் சிலர் பழைய இனப்பெயரைக் கைவிடக் கோரினர். மொங்கோலிய மக்கள் குடியரசின் வேண்டுகோளையடுத்து 1965இல் உலக சுகாதார நிறுவனம் அதனைக் கைவிட்டது.

பெயர் மாறுவதற்கு முன்னும் பின்னும், மேலைநாட்டு மத்தியதர வகுப்புத் தாய்க்கு மருத்துவர் கூறிய அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: குழந்தையைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடு. வரிசையாக இடப்பட்ட கட்டில்களில், முகட்டை நோக்கிக் கிடந்த அக்குழந்தைகளை எடுப்பாரில்லை. எடுப்பாரில்லாத குழந்தை தலையை நிமிர்த்த வேண்டிய தேவையே எழவில்லை. இறுக்கம் பிறவியிலே குறைந்தது. வலிமை காப்பகத்திலே குறைந்தது. இரண்டும் சேர்ந்த விளைவு முழுவதும் பிறவியின் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1960இல் சென்டர்வோல் தம்பதியர் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் வளர்ந்த டவுண் சிண்ட்ரோம் குழந்தைகள் பிறந்தவுடன் அகற்றப்பட்ட குழந்தைகளிலும் அறிவு வளர்ச்சியிலும் சமூகப் பழக்கத்திலும் முன்னிற்பதைக் காட்டியது. காப்பகத்துக்குப் பணம் செலுத்த வழியற்ற தாய்மார் நெடுங்காலமாகச் செய்துவந்தது எதுவோ, அதுவே சிறந்ததென்று விஞ்ஞானம் இறுதியில் கண்டறிந்தது.

குழந்தை மருத்துவத்தில் ‘வீடு’ என்னும் சொல் மதிப்புப் பெறுவதற்கு, நாடு துறந்து வந்த ஒரு தம்பதியரும் காரணராயினர். பேர்த்தா பொபாத் பேர்லினில் உடற்பயிற்சிக் கலை கற்றவர். அவர் கணவர் கரெல் பொபாத் மருத்துவர். யூதர்களாகிய இருவரும் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1930களின் பிற்பகுதியில் இலண்டன் சேர்ந்தனர். 1943இல் பக்கவாதத்தால் தாக்குண்ட ஓவியரொருவருக்குச் சிகிச்சை செய்கையில், உடலை வைத்திருக்கும் நிலையை மாற்றினால் தசையின் இயல்பும் மாறுவதைப் பேர்த்தா கண்டார். பின்னர் மூளைப் பாதிப்புற்ற குழந்தைகளுக்கு அம்முறையை விரித்தனர். அவர்களைப் பின்பற்றிய நான்சி ஃபின்னி என்னும் இயன்மருத்துவர், இளங்குழந்தையை வீட்டில் கையாளும் முறை பற்றி 1968இல் ஒரு நூலை வெளியிட்டார். மருத்துவ நூலென்றால் மருத்துவருக்கே என்றிருந்த காலத்தில், பெற்றோரை நோக்கி, கோட்டுச் சித்திரங்களுடன் எழுதப்பட்டது அந்நூல். குளிப்பாட்டுதல், உடுத்துதல், உணவூட்டுதல், தூக்குதல் ஆகிய அன்றாடச் செயல்களே சிகிச்சையாகலாம் என்பது அதன் அடிப்படை. தாய் செய்துவந்த வேலை, வேலையென ஏற்கப்பட்ட அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

பொபாத் முறையின் கோட்பாட்டுப் பகுதி காலத்தால் நிலைக்கவில்லை என்பதையும் கூறிவிடல் வேண்டும். சிகிச்சையாளரின் கை குழந்தையின் உடலைச் சரியாக அசைத்தால் மூளை திருந்தும் என்ற நம்பிக்கை பிற்கால ஆய்வுகளால் உறுதிப்படவில்லை. 2013இல் வெளியான விரிந்த மீளாய்வொன்று, மூளைப் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு அம்முறையிலும் சிறந்த வழிகள் உள்ளன என முடிவு கூறியது. குழந்தை தானே ஓர் இலக்கை நோக்கி முயல்வதே பயன் தருவது.

இதே காலத்தில் பிலடெல்பியாவில் மற்றொரு ‘வீடு’ உருவாகியது. கிளென் டோமன், கார்ல் டெலக்காட்டோ என்போர் 1950களில் தொடங்கி 1960இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை வாயிலாக அறிமுகப்படுத்திய முறை அது. மீனிலிருந்து ஊர்வனவாகி, ஊர்வனவிலிருந்து மனிதனாகிய உயிரினப் படிமுறையைக் குழந்தையின் மூளையும் மீண்டும் கடக்கின்றது. தவறிய படியைத் திரும்ப நடத்தினால் மூளை சீர்படும் என்பது அவர்கள் வாதம். இதற்காகக் குழந்தையை மேசையில் கிடத்தி, ஒருவர் தலையையும் நால்வர் கைகால்களையும் பிடித்துத் தாளத்துக்கு அசைத்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு நான்கு முறையேனும். கிழமையில் ஏழு நாளும். அயலார் முறைவைத்து வந்தனர்; தாய் அவர்களுக்குத் தேநீர் ஊற்றுபவளாகவும் அட்டவணை எழுதுபவளாகவும் ஐந்தாவது ஆளாகவும் ஆனாள். அசைந்தது குழந்தையின் உடல்; அசைத்தவை பிறர் கைகள். குழந்தையின் தசைக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. முன்னேற்றம் காணாதவிடத்து, விதித்தபடி செய்யவில்லை என்ற பழி பெற்றோர்மேல் எளிதில் விழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1968இலும் 1982இலும் 1999இலும் இம்முறைக்கெதிராக அறிக்கை வெளியிட்டது. குடும்பத்தின் பணம் கரைவதையும், உடன்பிறந்த குழந்தைகள் மீதான உறவு நலிவதையும் அது சுட்டிக்காட்டியது. இவ்வளவின் பின்னரும் அந்நிறுவனம் மூடப்படவில்லை. நம்பிக்கையிழந்த பெற்றோர் உள்ளவரை நம்பிக்கை விற்பவருக்குச் சந்தையுண்டு.

ஆராய்ச்சி மற்றொரு திசையில் நகர்ந்தது. பிறந்த குழந்தையைப் பிடித்து நிறுத்தினால் அது அடியெடுத்து வைப்பது போலக் கால்களை அசைக்கும். இரண்டு மாதமளவில் அவ்வசைவு மறைந்துவிடும். மூளை முதிர்வதனால் மறைகின்றது என்றே முன்னையோர் கருதினர். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனும் அவர் கூட்டாளிகளும் 1984இல் மிக எளிய சோதனையொன்று செய்தனர். குழந்தையை நெஞ்சளவு நீரிலே நிறுத்தினர். மறைந்த அடி மீண்டது! கால்கள் கொழுத்துக் கனத்தன. தசை அக்கனத்தைத் தூக்கப் போதவில்லை. மறைவுக்குக் காரணம் அவ்வளவே. எல்லாம் மூளையின் கட்டளைப்படி தானாக முதிரும், காத்திருப்பதொன்றே நம் கடன் என்ற பழங்கொள்கை இதனால் ஆட்டங்கண்டது.

இதன் தொடர்ச்சியாக 2001இல் உல்ரிக் தம்பதியரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. டவுண் சிண்ட்ரோமுள்ள முப்பது குழந்தைகளை இரு பிரிவாக்கினர். இரு பிரிவுக்கும் வழமையான இயன்மருத்துவம் கிடைத்தது. ஒரு பிரிவினரின் வீடுகளில் மட்டும், மெல்ல நகரும் சிறிய நடைப்பட்டையொன்றை வைத்தனர். குழந்தை தானாக அரை நிமிடம் உட்காரக் கற்றதும், பெற்றோர் அதனைப் பட்டையின் மேல் தாங்கிப் பிடித்தனர். நாளுக்கு எட்டு நிமிடம். கிழமைக்கு ஐந்து நாள். அக்குழந்தைகள் மற்றையோரைவிடச் சராசரி 101 நாள் முந்தித் தனித்து நடந்தனர். பிலடெல்பியாவின் ஐந்து ஆட்களோடும் ஏழு நாட்களோடும் இதனை ஒப்பிட்டு நோக்குக. இங்கே அடியெடுத்தது குழந்தை. தாங்கியது மட்டுமே தாய். கருவியை ஆய்வாளரே கொடுத்தனர். தாமே தொடர்ந்து வீடு சென்று பார்த்தனர். இந்த இறுதி அம்சத்தை, ஆய்வின் பயனைப் பேசுவோர் பலர் விட்டுவிடுகின்றனர்.

நடைப்பட்டை இல்லாத வீட்டில் செய்யக்கூடியது என்ன? அதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு: காரணம் அறியாமல் பயிற்சி தொடங்கலாகாது. பிறவியிலேயே தைரொயிட் சுரப்புக் குறைந்த குழந்தையும் தளர்ந்தே தோன்றும். பிறந்த சில கிழமைகளுள் கண்டறிந்து மாத்திரை கொடுத்தால் அது ஏனைய குழந்தைகளைப் போலவே வளரும்; தாமதித்தால் அறிவு வளர்ச்சியில் ஏற்படும் இழப்பு மீளாது. அக்குழந்தைக்கு எந்தப் பயிற்சியும் மருந்துக்கு ஈடாகாது. பால் புரையேறுதல், மூச்சு வாங்குதல், வலிப்பு, முன்பு செய்ததைச் செய்யாது விடுதல் ஆகியவை காணப்படின் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

மருத்துவர் பார்த்த பின், வீட்டுக்குரிய வேலை தொடங்குகின்றது. உறங்கும்பொழுது குழந்தை மல்லாந்தே உறங்குதல் வேண்டும். திடீர் மரணங்களைக் குறைத்த இவ்வறிவுரை 1990களின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் இயக்கமாகவே பரவியது. விழித்திருக்கும் வேளையில், கண்பார்வையில் வைத்து, குப்புறக் கிடத்துதல் வேண்டும். தரையில் கிடத்தினால் அழும் குழந்தையைத் தாய் சற்றே சாய்ந்திருந்து தன் நெஞ்சின்மேல் கிடத்தலாம். தாயின் முகத்தைப் பார்க்கும் ஆசையே தலையை நிமிர்த்தும். முதலில் ஓரிரு நிமிடம் போதும். நாளிற் பல முறை செய்வதே முக்கியம். பின்னர்ச் சாரமொன்றைச் சுருட்டி நெஞ்சின் கீழ் வைத்து, கைகளை அதன் முன்னே விட்டால், முழங்கையை ஊன்றப் பழகும். எதிரே மினுங்கும் சில்வர் தட்டொன்றை நிறுத்தினால் விலைகூடிய விளையாட்டுச் சாமான் வேண்டியதில்லை. மல்லாந்திருக்கையில் விரிந்து விழும் தொடைகளுக்கு இருபுறமும் துணிச் சுருள் அணைகொடுக்கும். ஒருக்களித்துக் கிடத்தி முதுகுக்கு அணை வைத்தால், இரு கைகளும் நடுவில் ஒன்றையொன்று சந்திக்கும். தளர்ந்த குழந்தைக்கு அதுவே ஒரு கண்டுபிடிப்பு. எப்பொழுதும் கால்களை அகலவிரித்து இடுப்பில் இருத்தும் வழக்கத்தைக் குறைத்து, சில வேளைகளில் முதுகு தாயின் நெஞ்சிற் சாய, கால்கள் ஒன்றுசேர, உலகை நோக்கித் தூக்குதல் நன்று. உட்காரப் பழக்குகையில் முதலில் நெஞ்சைத் தாங்கி, நாளடைவில் கையை இடுப்புக்கு இறக்கினால், மேலுள்ள தசைகள் தம் வேலையைத் தாமே ஏற்கும். மூட்டுகள் தளர்ந்திருத்தலால் கையைப் பற்றி இழுத்துத் தூக்கலாகாது. டவுண் சிண்ட்ரோமுள்ள குழந்தையின் கழுத்தெலும்புகள் உறுதி குறைந்திருக்கக்கூடும் என்பதால் தலையைக் குலுக்கும் விளையாட்டுகளும் கூடா. சில்லுப் பூட்டிய நடைவண்டியில் இருத்துவதால் நடை வருவதில்லை. விபத்துகளின் காரணமாகக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. இக்குழந்தை எளிதில் களைக்கும். களைத்த பின் செய்விக்கும் பயிற்சி வலிமை தாராது; பால் கொடுத்தவுடன் செய்விப்பது வாந்தியையே தரும்.

எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் நம் வழக்கம் பற்றி ஒரு சொல். கல்கத்தாவில் சாந்தலா என்னும் தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் லெபோயே அதனையே பொருளாகக் கொண்டு 1976இல் ஒரு நூல் வெளியிட, மேலைநாடுகள் அதனைப் புதுமையெனக் கொண்டாடின. தாய்க்கும் சேய்க்கும் இன்பம் தரும் செயல் அது. எனினும், பிறர் தேய்ப்பதால் தசை வலுப்பெறுவதில்லை. பழமையானது என்பதற்காக ஒன்றைச் சிகிச்சையென்று கொள்ளுதலும், பழமையானது என்பதற்காகவே இகழ்தலும் ஒருங்கே தவறாம்.

வழி எளிது, வேளை யாருக்கு உண்டு என்பதே கேள்வி. காலை ஐந்து மணிக்குக் கொழுந்து பறிக்க ஆயத்தமாகும் தாய்க்கு, நாளிற் பத்து முறை இரண்டு நிமிடம் என்பது சிறிய கணக்கன்று. 1978இல் சோவியத் கசக்ஸ்தானின் அல்மா-அட்டா நகரில் கூடிய மாநாடு, ஆரம்பச் சுகாதாரத்தை மக்களின் உரிமையாக அறிவித்தது. மறு ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம், ஊனமுற்றோருக்கான பயிற்சியை ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்லும் சமூகமட்டப் புனர்வாழ்வுக் கைந்நூலொன்றைப் பரீட்சார்த்தமாக வெளியிட்டது. பல நாடுகளிற் சோதித்துத் திருத்தப்பட்ட இறுதி வடிவம் 1989இல் வந்தது. அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவர் இலங்கையரான இயன்மருத்துவர் பத்மனி மெண்டிஸ் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். குடும்பத்தினருக்கென முப்பது பயிற்சிப் பகுதிகள் அதில் உள. ஒவ்வொன்றும் எளிய படங்களோடு, கிராமத்துத் தொண்டர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுசென்று காட்டக்கூடியதாக அமைந்தது. இலண்டன் நூல் தாயை நோக்கி மட்டும் பேசியது. இந்நூல் தாயின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியது.

அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதில்தான் எண்பதுகளில் கதை திரும்பியது. கடன் கொடுத்த சர்வதேச நிறுவனங்கள் பல ஏழை நாடுகளின் சமூகச் செலவைக் குறைக்க வற்புறுத்திய காலம் அது. சமூகமட்டப் புனர்வாழ்வு என்ற பெயர் பல இடங்களில் சம்பளமில்லாத் தொண்டு என்ற பொருளுக்குச் சுருங்கியது. தொண்டரும் பெரும்பாலும் பெண்களே. எஞ்சிய வேலை மறுபடியும் வீட்டுக்கு, அதாவது தாயிடம், வந்தது. மற்றொரு முனையில் விஞ்ஞானம் வியத்தகு முறையில் முன்னேறியது. வேர்ட்னிக்கும் ஹொஃப்மனும் விவரித்த நோயின் மரபணு 1995இல் அறியப்பட்டது. ஒரே முறை செலுத்தும் மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை 21 இலட்சம் டொலருக்கும் மேல்.

இலங்கைக்கு இவ்விடயத்தில் ஒரு முன்னுரிமை உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் வழியே, வீடுதோறும் செல்லும் மருத்துவ மாது நமது கிராம வாழ்வின் பகுதியானார். அல்மா-அட்டாவுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, படலையைத் திறந்து உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிப் பார்ப்பதற்கு அரசின் சம்பளம் பெறும் பெண் ஒருவர் இங்கு இருந்தார். தூக்கிய கையில் குழந்தை தொங்குகின்றதா, பற்றுகின்றதா என்பதைத் தாய்க்கு அடுத்தபடியாக அறிபவர் அவரே. பதவிகள் வெற்றிடமாகவும் ஒருவர் இருவரின் பகுதியைச் சுமக்கவும் விடப்படுமாயின், எடை பார்ப்பதற்கு மேல் அவருக்கு நேரம் ஏது?

1989ஆம் ஆண்டுக் கைந்நூலில் குடும்பத்துக்குரிய பகுதிகளோடு நான்கு வழிகாட்டிகளும் உள; அவற்றுள் ஒன்று ஆசிரியருக்குரியது. தளர்ந்த குழந்தை ஆறு வயதில் நம் வகுப்புக்கு வருகின்றது. மேசையில் கவிழ்கின்றது, கையால் தலையைத் தாங்குகின்றது, எழுத்துகள் மங்கி வரியிலிருந்து வழிகின்றன. ‘சோம்பேறி, நிமிர்ந்திரு’ என்று அதட்டும் குரலை எந்தப் பாடசாலை விறாந்தையிலும் கேட்கலாம். நிமிர்ந்திருப்பதற்கே அதன் வலிமை முழுவதும் செலவாகின்றது, எழுதுவதற்கு மிச்சமில்லை. வாங்கு உயரமாயிருந்து கால்கள் அந்தரத்தில் தொங்குமாயின் செலவு இரட்டிக்கும். தச்சரிடம் கழித்துவிட்ட பலகைத் துண்டொன்றைப் பாதத்தின் கீழ் வைத்து, முழங்கால் செங்கோணமாக மடியும்படி செய்து, மேசையை முழங்கை உயரத்துக்குக் கொணர்ந்தால், அதே குழந்தை அதே பாடவேளையில் இன்னும் சில வரிகள் எழுதும்.